இரண்டு வாட்சுகளும் ஒரு பிறந்த நேரமும்

ஜூன் 3, செவ்வாய்

வாட்ச் செத்துவிட்டது. அது செத்த நேரமும் சரியில்லை. காலையில் லேபர் ரூமில் ஒரு பெண் குழந்தை. டாக்டரம்மாவிடமிருந்து குழந்தையை வாங்கித் துடைத்து, அழவைத்து, தொப்புளுக்குக் கிளிப் போட்டுவிட்டு மணியைப் பார்த்தால் என் கையில் நேற்றைய நேரம் நிற்கிறது. சுவர்க் கடிகாரம் ஒன்று சொன்னது. வெளியே நின்றிருந்த குழந்தையின் அப்பா செல்போனில் பார்த்து வைத்திருந்தது வேறு. இரண்டுக்கும் நடுவில் நட்சத்திரம் மாறுகிறதாம். பெண் வீட்டார் சுவர்க் கடிகாரக் கட்சி, மாப்பிள்ளை வீட்டார் செல்போன் கட்சி. பெற்றவளுக்கு ஒரு டம்ளர் ஹார்லிக்ஸ் கொடுக்க அங்கே ஆள் இல்லை.

டாக்டரம்மா கூப்பிட்டுச் சொன்னார்: "பூங்கோதை, முதல்ல ஒரு நல்ல வாட்ச் வாங்குங்க. நம்ம ஆஸ்பத்திரியில பொறக்கிற பிள்ளைங்க ஜாதகமெல்லாம் உங்க கையிலதான் இருக்கு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சாயங்காலம் பால் திரிந்துவிட்டது. அம்மாவுக்கு முட்டிவலித் தைலம் வாங்க மறந்துவிட்டேன். அதற்கும் திட்டு.

ஜூன் 5, வியாழன்

பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச்சந்தில் நேசன் வாட்ச் கடை. இத்தனை வருடமாக அந்த வழியாகத்தான் போய்வருகிறேன், உள்ளே போனதில்லை. கடைக்காரர் பெயர் சிவநேசன். நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கும். ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியோடு நிமிர்ந்து பார்த்து, "எதுக்குங்க போடப் போறீங்க?" என்று கேட்டார்.

"மணி பாக்கத்தான்" என்றேன்.

"அதுக்குப் போன் இருக்கேங்க" என்றார் சாவகாசமாக. வியாபாரி பேசுகிற பேச்சா இது?

நர்ஸ் என்று சொன்னதும் இரண்டு வாட்சை எடுத்து வைத்தார். ஒன்று டைவ் வாட்ச். கடலுக்குள் குதிப்பவர்கள் கட்டுவது. தடிமன், பெரிய முள், இருட்டில் மின்னும். குமிழைத் திருகி மூடிவிட்டால் தண்ணீர் போகாது. கண்ணாடியைச் சுற்றி நிமிடக் கோடு போட்ட வளையம், ஒரு பக்கமாக மட்டும் திரும்புகிறது. இன்னொன்று க்ரோனோகிராஃப். பெரிய டயலுக்குள் மூன்று குட்டி டயல், பக்கத்தில் இரண்டு பொத்தான். ஒன்றை அமுக்கினால் முள் ஓடும், மறுபடி அமுக்கினால் நிற்கும், மற்றதை அமுக்கினால் பன்னிரண்டுக்கே திரும்பி வந்துவிடும். பார்க்க லட்சணமாக இருந்தது. ஏறக்குறைய ஒரே விலை, இரண்டும் எனக்குக் கட்டுப்படியாகிற விலைதான்.

"நாள் முழுக்கக் கை கழுவுறவங்களுக்கு டைவ் வாட்ச்தாங்க சரி" என்றார்.

அவர் கையிலும் டைவ் வாட்ச்தான் இருந்தது. "நீங்க நீச்சலடிப்பீங்களா?" என்று கேட்டேன்.

"குளத்துல எறங்கக்கூடப் பயங்க" என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

ஜூன் 6, வெள்ளி

அவசரப்பட்டு எதையும் வாங்கக் கூடாது.

ஜூன் 9, திங்கள்

டியூட்டி முடிந்து மறுபடி கடைக்குப் போனேன். க்ரோனோகிராஃபில் ஒரு சந்தேகம். பெரிய விநாடி முள் ஓடவே இல்லை, பன்னிரண்டில் நட்டுக்கொண்டு நிற்கிறது. ரிப்பேரான சரக்கை என் தலையில் கட்டப் பார்க்கிறாரோ என்று கேட்டேவிட்டேன்.

அவருக்கு அப்படி ஒரு சிரிப்பு. "நீங்களுமா! வாங்கிட்டுப் போற ஆளுல பாதிப் பேரு மறுநாளே சண்டைக்கு வந்துருவாங்க சிஸ்டர். அந்த முள்ளு நீங்க கூப்புட்டாத்தான் வரும். வழக்கமா ஓடுற விநாடி முள்ளு கீழ குட்டி டயல்ல இருக்கு பாருங்க."

இருந்தது. எனக்குச் சுருக்கென்றது. அதைக் கண்டுகொள்ளாமல், "இதைக் கொண்டுபோய் ஒரு வாரம் போட்டுப் பாருங்க, அடுத்த வாரம் டைவ் வாட்ச்சப் போட்டுப் பாருங்க. ரெண்டும் டிஸ்ப்ளேக்கு வச்சதுதான்" என்றார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஸ்ட்ராப்பில் என் கைக்கு ஒரு துளை அதிகமாகப் போட்டுவிட்டார்.

வீட்டுக்கு வர நேரமாகிவிட்டது. அம்மா வாட்சைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "கடைக்காரருக்குப் பொண்டாட்டி புள்ள இருக்கா?" என்றாள். இந்த வயதிலும் அவளுக்கு வேறு வேலை இல்லை. எனக்கு நாற்பத்தொன்று. ஜாதகத்தில் எட்டாம் இடத்தில் செவ்வாய். கட்டுகிறவன் ஆயுளுக்கு ஆகாது என்று நான்கு குடும்பம் வந்து பஜ்ஜி தின்றுவிட்டுப் போய்விட்டது. அந்தப் பேச்சை நான் என்றைக்கோ விட்டுவிட்டேன். வாட்ச் வாங்கப் போனேன், அவ்வளவுதான்.

ஜூன் 11, புதன்

க்ரோனோகிராஃபின் உபயோகம் இன்று புரிந்தது. குழந்தை வெளியே வந்ததும் பொத்தானை அமுக்கினேன். துடைத்து, எடை பார்த்து, ஊசி போட்டு, தாயிடம் கொடுத்துவிட்டுப் பார்த்தால் குட்டி முள் ஓடிக்கொண்டே இருக்கிறது. அது மணி காட்டவில்லை, வயது காட்டுகிறது. இருபது நிமிட வயதான பையன். வந்தவரிடமெல்லாம் அப்படியே சொன்னேன். டாக்டரம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

ஜூன் 13, வெள்ளி

இன்று சிசேரியனில் ஒரு பெண் குழந்தை. மூல நட்சத்திரம். மாமனாருக்கு ஆகாது என்று வாசலிலேயே கணக்குப் போட்டுவிட்டார்கள். குழந்தை பிறந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் அதற்கு வரப்போகிற மாமனாரைப் பற்றிக் கவலை. அந்த ஆள் எந்த ஊரில் எங்கே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கிறாரோ!

குழந்தையின் பாட்டி என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போய், "கொஞ்சம் தள்ளிப் போட்டு எழுதிரும்மா. நீ மனசு வச்சா முடியும். பொம்பளப் புள்ளைம்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

"பொய்யான நேரத்தை வச்சு நாளைக்கு ஒரு குடும்பத்தை ஏமாத்தப் போறீங்களா? போங்கம்மா அங்கிட்டு" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சத்தம் போட்டேன். அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போனார். நான் செய்தது சரிதான்.

மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை.

ஜூன் 16, திங்கள்

க்ரோனோகிராஃபின் கண்ணாடிக்குள் ஆவி படிந்துவிட்டது. ஈரக் கையோடு பொத்தானை அமுக்கியிருக்கிறேன். அமுக்கக் கூடாது என்று அவர் முதல் நாளே சொன்னார். காசு கொடுத்துவிடுகிறேன் என்று மல்லுக்கு நின்றேன். அவர் வாங்கவில்லை. வாட்சின் முதுகைத் திறந்து, ஊதி, விளக்கடியில் வைத்து உலர்த்தினார். நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். டீ வந்தது.

அவராகச் சொன்னார். மனைவி இறந்து ஒன்பது வருடமாகிறது. கல்யாணமாகி இரண்டு வருடத்திலேயே மூளைக்காய்ச்சல். குழந்தை இல்லை. தன்னை வளர்த்த அக்கா பக்கத்துத் தெருவில் இருக்கிறார், சாப்பாடு அங்கேதான்.

"உடம்பைப் பாத்துக்கங்க" என்றேன். பேஷண்டிடம் சொல்கிற மாதிரி.

டைவ் வாட்சைக் கட்டிக்கொண்டு வந்தேன்.

ஜூன் 19, வியாழன்

டைவ் வாட்ச் வேலைக்காரி. சோப்பு, டெட்டால், எதைக் கொட்டினாலும் கவலை இல்லை. வலி ஆரம்பித்ததும் வளையத்தின் முக்கோணத்தை நிமிட முள்ளுக்கு நேரே திருப்பிவைத்தால், அடுத்த வலி எவ்வளவு இடைவெளியில் வருகிறது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிகிறது.

வளையம் ஏன் ஒரு பக்கம் மட்டும் திரும்புகிறது என்று கேட்கக் கடைக்குப் போனேன். "தண்ணிக்குள்ள எதுலயாவது இடிச்சு நகந்தாக்கூட, அதிக நேரம் ஆச்சுன்னுதான் காட்டணும் சிஸ்டர். கொறச்சுக் காட்டுச்சுன்னா, இன்னும் காத்து இருக்குன்னு நம்பி உள்ளயே இருந்துருவாங்கல்ல" என்றார். இதைப் போனிலேயே கேட்டிருக்கலாம்.

எது வேண்டும் என்று அவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜூன் 21, சனி

கடையில் வேறு ஆள் இல்லை. சிவநேசன் ஒரு ஸ்ட்ராப்பைத் துடைத்துக்கொண்டே, "அக்காவ ஒரு தடவை உங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வரலாமாங்க?" என்றார். ஸ்ட்ராப் ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"நான் இன்னும் வாட்ச்சே முடிவு பண்ணலையே" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. நாக்கை அறுத்துப் போடலாம் போல இருந்தது.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அவசரமில்ல" என்றார்.

வரச் சொல்லுங்கள் என்று பஸ்ஸில் ஏறிய பிறகு போனில் சொன்னேன். அக்காவுக்கு என் பிறந்த நேரமும் நட்சத்திரமும் வேண்டுமாம். முதலில் அதுதான் கேட்பார்களாம்.

ஜூன் 22, ஞாயிறு

அம்மாவிடம் சொன்னேன். முட்டிவலி எங்கே போனதோ, எழுந்து போய் விளக்கேற்றிவிட்டு வந்தாள். பெட்டியிலிருந்து ஜாதகத்தை எடுத்தாள். எடுத்தவுடன் முகம் விழுந்துவிட்டது.

"இந்த நேரம் எப்படிம்மா எழுதுனீங்க?" என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் முதன்முதலாகக் கேட்கிறேன். எத்தனை பிள்ளைகளுக்கு நேரம் சொல்லியிருக்கிறேன், என்னுடையதை நான் கேட்டதில்லை.

"ஒங்கப்பா வெளிய நின்னாரு. ஆயா வந்து பொம்பளப் புள்ளன்னு சொன்னா. அந்நேரம் மில்லுச் சங்கு ஊதுச்சு. அதைத்தான் எழுதுனது."

"ஆயா எப்ப வந்து சொன்னா?"

"அவ எங்கிட்டு உடனே சொன்னா? ஆம்பளப் புள்ளன்னா ஓடி வந்து சொல்லுவா. பொம்பளப் புள்ளைக்குக் காசு கம்மின்னு டீயைக் குடிச்சிட்டு ஆடி அசைஞ்சுதான் வந்தா."

"எவ்வளவு நேரம் கழிச்சு?"

"அதை யாருடி கண்டா? நான் மயக்கத்துல கெடந்தேன்."

எங்கள் ஆஸ்பத்திரியிலும் ஆயாக்கள் அப்படித்தான். எனக்குத் தெரியாதது இல்லை. ஒருத்தி டீ குடித்த நேரத்தில் என் செவ்வாய் எட்டில் போய் உட்கார்ந்துகொண்டது. நான்கு குடும்பம். எனக்கு அந்த ஆயாவின் மேல் இப்போது கோபம் வந்து என்ன ஆகப் போகிறது! ஆனாலும் வந்தது. துணி துவைத்தேன். அம்மாவின் புடவையில் பார்டர் கிழிகிற அளவுக்கு அடித்துத் துவைத்துவிட்டேன்.

ஜூன் 23, திங்கள்

சிவநேசனிடம் மறைக்காமல் சொன்னேன். ஜாதகத்தில் எழுதியிருக்கிற நேரம், எட்டில் செவ்வாய், வந்துபோன குடும்பங்கள், எல்லாவற்றையும். ஆயாவைப் பற்றியும் சொன்னேன். அவர் பூதக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்.

"அக்கா இதுல ரொம்பக் கறாருங்க" என்றார். பூதக்கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

அவ்வளவுதான். ஐந்தாவது குடும்பம். ரசத்துக்குப் புளி வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஜூன் 26, வியாழன்

டியூட்டியில் இருக்கும்போது ஒரு போன். "நான் சிவநேசனோட அக்கா அங்கயற்கண்ணி பேசுறேம்மா" என்றது குரல்.

"மூணு ஜோசியருகிட்டப் பாத்துட்டேன் தாயி. அப்படிப் பொருந்துது! செவ்வாய் ஒன்பதுல. தோஷம்னு ஒரு பொட்டு இல்ல. ஞாயித்துக்கெழமை வர்றோம்" என்று சொல்லி, அவருக்குக் கொடுக்கப்பட்ட பிறந்த நேரத்தையும் வாசித்தார். என் ஜாதகத்தில் இருப்பதைவிட அரை மணி முந்தி.

சரிங்க, சரிங்க என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி வலியில் கத்திக்கொண்டிருந்தாள். வளையத்தைத் திருப்ப மறந்துவிட்டேன்.

ஜூன் 27, வெள்ளி

கடைக்குள் ஏறியதும் கேட்டேன்: "என் பொறந்த நேரத்தை யாரைக் கேட்டு மாத்துனீங்க?"

"நேரம் தப்பா இருந்தா திருத்துறதுதானங்க என் தொழிலு" என்று சிரிக்கப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "நீங்கதான சொன்னீங்க, ஆயா லேட்டா வந்துச்சுன்னு. அரை மணி முன்னால போட்டேன். அதுதான் நெசமாக்கூட இருக்கலாம்."

"இருக்கலாம். இல்லாமயும் இருக்கலாம். ரெண்டு வாரத்துக்கு முன்னால ஒரு வயசான அம்மா இதையேதான் எங்கிட்டக் கேட்டாங்க. நாயை வெரட்டுற மாதிரி வெரட்டி விட்டேன். இப்ப எனக்குன்னா மட்டும் மாத்திக்கலாமா?"

"அக்கா ஒத்துக்கிட மாட்டாங்க சிஸ்டர். வேற வழி தெரியல எனக்கு. தயவு செஞ்சு சொல்லிராதீங்க." மனிதர் பயந்துபோயிருந்தார். அக்காவுக்குப் பயமா, நான் போய்விடுவேன் என்று பயமா, தெரியவில்லை. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் இருக்க இன்னும் கொஞ்சம் கத்தினேன்.

"டைவ் வாட்ச்சுக்குப் பில் போடுங்க" என்றேன்.

போட்டார். எண்ணிப் பார்க்காமல் பணத்தை வாங்கி மேஜைக்குள் போட்டார். க்ரோனோகிராஃபைக் கண்ணாடி அலமாரிக்குள் திருப்பி வைத்தார். இனி அந்தக் கடைக்குப் போக எனக்கு வேலை இல்லை.

ஜூன் 28, சனி

அம்மாவும் அதையேதான் சொல்கிறாள்: "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருடி. ஒனக்குன்னு ஒரு நல்லது நடக்கட்டும்." நாளைக்கு வாயைத் திறக்கப் போவதில்லை. எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. எழுதியாகிவிட்டது, இனி அடிக்க முடியாது.

ஜூன் 29, ஞாயிறு

வந்தார்கள். அக்கா, அவர், ஒரு சீப்பு வாழைப்பழம், மல்லிகைப்பூ. அம்மா கேசரி கிண்டியிருந்தாள். பஜ்ஜி வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

அக்கா அங்கயற்கண்ணி நான் நினைத்த மாதிரி இல்லை. சண்டைக்காரியாக இருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். ஒல்லியாக, வெளுத்துப்போன சுங்குடிச் சேலையில் இருந்தார். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, பூவை வைத்துவிட்டு, தலையை நீவினார். கேசரி பிரமாதம் என்றார். வாட்சைப் பார்த்து, "நம்ம கடையிலதா?" என்றார். நம்ம கடை. அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நான் கறாருன்னு இவன் சொல்லியிருப்பான். மொதப் பொண்ணுக்கும் நாந்தான் பாத்தேன் தாயி. ஒரே ஒரு ஜோசியருகிட்டத்தான் காட்டுனேன், அவரு பொருத்தம்னாரு. கட்டி வச்சேன். ரெண்டே வருசம். அவளத் தூக்குன அன்னிக்கு இவன் கெடந்த கெடப்பப் பாத்திருந்தா... ஏதோ ஒண்ண நான் சரியாப் பாக்காம விட்டுட்டேன்னுதான் இத்தன வருசமா நெனச்சுக்கிட்டுக் கெடக்கேன். அதான் இப்ப மூணு பேருகிட்டப் பாத்தேன். இப்பத்தான் எனக்குத் தூக்கமே வருது."

சொல்லிவிட்டு, "நேரம் கரெக்டுதான தாயி?" என்றார். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. இன்னொரு தடவை காதால் கேட்டுச் சந்தோஷப்படக் கேட்டார்.

அம்மா என்னைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். ஆமாம் என்ற ஒரு வார்த்தைதான் சொல்ல வேண்டும். நாக்கு நுனி வரை வந்தது. அந்த அம்மாவின் கை என் கைமேல் இருந்தது. நாளைக்கு இவருக்கு ஒரு தலைவலி வந்தாலும் அந்த அம்மா மறுபடி தன்னைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டு உட்காரும், நான் பக்கத்தில் இருந்து சோறு பரிமாறிக்கொண்டிருப்பேன். அதைச் செய்ய எனக்கு மனசு வரவில்லை.

"அது எங்க ஜாதகத்துல இருக்கிற நேரம் இல்லைங்க" என்றேன். "எங்க ஜாதகத்துல அரை மணி பின்னால இருக்கு. எட்டுல செவ்வாய். உண்மையில எந்த நேரம்னு யாருக்கும் தெரியாது, எங்கம்மாவுக்கும் தெரியாது. ஆனா எழுதியிருக்கிறது அதுதான்."

"அடிப் பாவி" என்றாள் அம்மா. அவ்வளவு மெதுவாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

அக்கா கையை எடுத்துக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. தம்பியைப் பார்த்து, "நீதான் மாத்துனியாடா?" என்று மட்டும் கேட்டார். அவர் தலையாட்டினார். அக்கா எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டார். அழுதுவிடக் கூடாது என்று உதட்டை மடித்துக்கொண்டிருந்தார். என் தலையில் வைத்த பூவைத் திருப்பிக் கேட்பாரோ என்றுகூட ஒரு நொடி தோன்றியது. கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, "எந்திரிடா" என்றார்.

எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ஐந்தாவது குடும்பம் எழுந்து போவதைப் பார்க்க வேண்டாம் என்று கேசரித் தட்டுகளை அடுக்க ஆரம்பித்தேன்.

"நீங்க ஆட்டோவுல போங்கக்கா" என்றது அவர் குரல். "நான் இருந்துட்டு வர்றேன்."

"சிவநேசா."

"போங்கக்கா. நான் வருவேன். வந்து பேசிக்கிறேன்." குரல் நடுங்கியது. எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவர் என்பது தெரிந்தது. ஆனால் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. அக்கா சற்று நேரம் வாசலிலேயே நின்றார். பிறகு ஆட்டோ கிளம்புகிற சத்தம் கேட்டது.

அவர் சட்டையின் முதுகு முழுக்க வியர்வை. இரண்டு கையையும் முட்டிமேல் வைத்துக்கொண்டு, பரீட்சை எழுதப் போகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்காமல், "இன்னொரு காபி கெடைக்குமாங்க?" என்றார்.

அம்மா எழுந்தாள். நான் போகிறேன் என்று நானே போனேன். அடுப்படியில் அழுதேன். எதற்கென்று எழுதத் தெரியவில்லை. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது, மிச்சமிருந்ததில் ஒரு டம்ளர் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். சர்க்கரை போடவில்லை என்பது அவர் பாதி குடித்த பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் முழுவதையும் குடித்தார்.